வெள்ளை மதிலும் வீலர் சொன்ன போரும்

லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் ரயிலேறினால் டார்செஸ்டர் போய்ச் சேர இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய டார்செட் மாவட்டத்தின் தலைநகரம் அது. நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி வாழ்ந்த ஊர் என்பதால் அவர் வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் உண்டு. ஆனால் ஊரின் தென்மேற்கே, இரண்டரை கிலோமீட்டர் தொலைவில், ஹார்டியைவிட இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் மூத்த ஒன்று புல் போர்த்திக்கொண்டு கிடக்கிறது. மெய்டன் காசில் என்று அதற்குப் பெயர். ஐரோப்பாவில் இரும்புக்கால மக்கள் எழுப்பிய குன்றுக்கோட்டைகளில் அளவிலும் அமைப்பிலும் மிகப் பெரியவற்றுள் இதுவும் ஒன்று.

கோட்டை என்று கேள்விப்பட்டு வருபவர் கல் மதிலையும் கொத்தளத்தையும் தேடினால் எதுவும் கிடைக்காது. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து பார்த்தால் நீண்டு படுத்த ஒரு குன்று தெரியும்; அதன் சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக வரிவரியாய்ப் பச்சை மேடுகள் ஓடும். மேகம் விலகி வெயில் சாய்ந்து விழும்போது மேடுகளுக்கு நடுவே கருநிழல் இறங்கும். அப்போதுதான் அங்கே பள்ளங்கள் இருப்பது கண்ணுக்குப் புரியும். மேடு முழுக்க மண் மதில், பள்ளம் முழுக்க அகழி. குன்றைச் சுற்றி இரண்டும் மாறி மாறிப் போகின்றன. உள்ளே வளைக்கப்பட்ட நிலம் மட்டும் 47 ஏக்கர்.

மேற்கு வாசல் வழியாக ஏறுவதே வழக்கம். வாசல் என்றால் கதவு நிற்கும் இடம் என்று நினைத்துப் போனால், இங்கே அது ஒரு நீண்ட நடை. பாதை நேராகக் கோட்டைக்குள் நுழைவதில்லை. எதிரே ஒரு மண்மேடு குறுக்கிடும். பாதை இடப்பக்கம் திரும்பும். சில அடிகளில் இன்னொரு மேடு மறிக்கும், வலப்பக்கம் திரும்பவேண்டும். இருபுறமும் புல்சரிவு தலைக்கு மேல் எழுந்து நிற்க, உள்ளே எவ்வளவு தூரம் இருக்கிறது என்று தெரியாது. காற்றுகூட மேலோடு போய்விடும். சில இடங்களில் மதில் 6 மீட்டர் வரை இன்றும் உயர்ந்து நிற்கிறது. மழையும் ஆட்டுக் குளம்பும் இரண்டாயிரம் ஆண்டுகள் தேய்த்த பிறகு மிஞ்சிய உயரம் இது.

செம்மறி ஆடு புல்லைச் சறுக்கிவிட்ட ஓரிடத்தில் குனிந்து பார்த்தால் உள்ளிருக்கும் மண் தெரியும். மண் என்பதே தவறு. அது வெண்சுண்ணப் பாறை. விரலால் தேய்த்தால் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். நடுநடுவே கறுப்பும் சாம்பலுமாகச் சிக்கிமுக்கிக் கல் உருண்டைகள் பதிந்திருக்கும். தெற்கு இங்கிலாந்தின் இந்தக் குன்றுகள் எல்லாமே, கடலடியில் நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து இறுகியவை. மேல்புல்லைச் சீவிவிட்டால் கீழே முழு வெள்ளை. கோட்டை புதிதாக எழுந்த காலத்தில் இந்த மதில்களில் புல் இல்லை. அகழியிலிருந்து வெட்டிப் போட்ட சுண்ணப்பாறை அப்படியே சரிவெங்கும் கிடந்தது. பல கல் தொலைவிலிருந்த உழவனுக்கும் பயணிக்கும், பச்சை வயல்களுக்கு மேலே வெள்ளை வளையங்கள் சுற்றிய குன்று கண்ணைப் பறித்திருக்கும். இன்று நாம் பார்க்கும் பசுமை அழகுதான், ஆனால் கட்டியவர்கள் கண்ட காட்சி இதுவல்ல.

இந்தக் குன்றில் முதலில் மண்ணைக் கிளறியவர்கள் இரும்புக்காலத்தவர் அல்லர். கி.மு. 3500 வாக்கில் புதிய கற்கால மக்கள் கிழக்கு முகட்டைச் சுற்றி ஒரு வளாகம் அமைத்தார்கள். தொடர்ச்சியான அகழியாக இல்லாமல், துண்டு துண்டாகப் பள்ளம் தோண்டி நடுவே வழிகள் விட்ட வளாகம் அது. யாரையும் தடுப்பதற்கென்று தோண்டியதாகத் தெரியவில்லை. ஆண்டின் சில நாட்களில் சுற்றுவட்டாரத்தார் கூடவும், விருந்துண்ணவும், சடங்கு செய்யவும் அமைந்த இடமாகவே ஆய்வாளர்கள் அதைக் கருதுகிறார்கள். பிறகு அந்த வளாகம் கைவிடப்பட்டு, அதன் மேலேயே 546 மீட்டர் நீளத்துக்கு ஒரு மண்திட்டு எழுப்பப்பட்டது. அரைக் கிலோமீட்டருக்கும் மேலான நீளம்! கோட்டைக்குள் நடப்பவர் காலடியில் ஒரு மெல்லிய ஏற்றமாக மட்டுமே இன்று அது உணரப்படும். பலர் அறியாமலே தாண்டிப்போகிறார்கள்.

அதற்குப்பின் நெடுங்காலம் குன்று சும்மா கிடந்தது. கி.மு. 600 வாக்கில்தான் முதல் கோட்டை வந்தது. கிழக்கு முகட்டை மட்டும் சுற்றி, ஒரு மதில், ஓர் அகழி, 16 ஏக்கர். அந்தக் காலத்தில் தெற்கு இங்கிலாந்தெங்கும் இத்தகைய குன்றுக்கோட்டைகள் நிறையவே இருந்தன. இதில் தனிச்சிறப்பு ஒன்றுமில்லை. கி.மு. 450 வாக்கில் கதை மாறியது. அக்கம்பக்கத்துச் சிறு கோட்டைகள் பல வெறிச்சோட, மெய்டன் காசில் மேற்கு முகட்டையும் விழுங்கிக்கொண்டு மூன்று மடங்கானது. பிறகு மதிலுக்கு வெளியே மதில், அகழிக்கு வெளியே அகழி என்று சேர்ந்துகொண்டே போனது. பழைய 16 ஏக்கர் கோட்டையின் மேற்கு மதில், புதிய கோட்டையின் நடுவயிற்றில் மட்டப்படுத்தப்பட்டுப் போனது. அதன் தடம் புல்வெளியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இன்றும் கிடக்கிறது.

இத்தனை பாறையையும் எதைக் கொண்டு வெட்டினார்கள்? இந்தக் கேள்விக்கு விடைகாண ஆய்வாளர்கள் தாங்களே இறங்கித் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். 1960இல் பக்கத்து வில்ட்ஷயர் மாவட்டத்தின் ஓவர்ட்டன் டவுனில், சுண்ணப்பாறை நிலத்தில், ஒரு மாதிரி மதிலும் அகழியும் அமைத்தார்கள். மான்கொம்புக் குத்துக்கோல், மாட்டுத் தோள்பட்டை எலும்பால் ஆன அள்ளுவான், கூடை ஆகியவற்றை ஒரு பக்கமும், இரும்புக் கருவிகளை மறுபக்கமும் கொடுத்து வேலையை ஒப்பிட்டார்கள். எலும்பும் கொம்பும் அத்தனை மோசமில்லை என்று தெரிந்தது. இங்கே கோட்டை கட்டியவர்களின் கையில் இரும்பும் இருந்தது. ஆகவே கருவி ஒரு தடையே அல்ல. ஆள்பலம்தான் பெரிய விஷயம்.

ஓவர்ட்டன் டவுன் மேட்டை அத்தோடு விட்டுவிடவில்லை. குறித்த இடைவெளிகளில், ஆண்டுகளை இரட்டிப்பாக்கிக்கொண்டே போய், மீண்டும் மீண்டும் வெட்டிப் பார்க்கிறார்கள். 1963இல் இதே டார்செட்டில் வேர்ஹாம் அருகே மணற்பாங்கான நிலத்தில் இன்னொரு மாதிரியும் எழுந்தது. அகழியின் விளிம்பு முதல் சில ஆண்டுகளில்தான் வேகமாகச் சரிகிறது. அடியில் கற்கள் குவிந்து, புல் வேர்பிடித்தபின் சரிவு அடங்கிவிடுகிறது. இது தெரிந்தபின் மெய்டன் காசிலின் பள்ளங்களைப் பார்க்கும் பார்வையே வேறாகிறது. இன்று நாம் நிற்கும் அகழித் தரை பழைய தரை அல்ல. பழைய தரை நம் காலுக்குக் கீழே, சரிந்த கற்களுக்கு அடியில் இருக்கிறது. ஒருகாலத்தில் அகழி கூரிய ஆப்பு வடிவில் இறங்கியிருந்தது. அதைத் தூர்வாராமல் ஒரு தலைமுறை விட்டால்கூட மழுங்கிவிடும். இங்கே பல தலைமுறைகள் தூர்வாரியிருக்கின்றன, மதிலை உயர்த்தியிருக்கின்றன.

உள்ளே மக்கள் வாழ்ந்தார்கள். வட்ட வடிவ வீடுகள்; கூம்புக் கூரை. பிற்காலத்தில் அவை வரிசை வரிசையாக, தெரு போட்டதுபோல் அமைந்தன. வீடுகளைவிடச் சுவையானவை தரையில் வெட்டிய தானியக் குழிகள். சுண்ணப்பாறையில் ஆளுயரத்துக்குக் குடைந்து, கோதுமையும் வாற்கோதுமையும் நிரப்பி, வாயைக் களிமண்ணால் பூசி அடைத்தார்கள். இங்கிலாந்தின் ஈரத்தில் தானியம் குழிக்குள் கெட்டுப்போகாதா? பட்சர் பழங்காலப் பண்ணை என்ற ஆய்விடத்தில் பீட்டர் ரெனால்ட்ஸ் இதைச் செய்தே பார்த்தார். சுவரை ஒட்டிய தானியம் கொஞ்சம் முளைவிடும். முளைக்கும்போது குழிக்குள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிட்டுக் கரியமில வாயுவை வெளியிடும். காற்று தீர்ந்ததும் முளைப்பும் பூஞ்சணமும் நின்று, நடுவிலிருக்கும் தானியம் குளிர்காலம் முழுவதும் விதைக்கு ஆகும்படி அப்படியே இருக்கும். நம் ஊர் நெற்குதிரை மண்ணுக்குள் கவிழ்த்து வைத்ததுபோல என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் குழிகளைப் பார்த்தபின், மதில்களுக்குள் எது காக்கப்பட்டது என்ற கேள்விக்குப் பதில் தேட அதிக தூரம் போகவேண்டியதில்லை.

ஆனால் மெய்டன் காசில் உலகப்புகழ் பெற்றது தானியத்தால் அல்ல, ஒரு போரால். அந்தப் போரை எழுதியவர் மார்ட்டிமர் வீலர்.

தமிழ் வாசகருக்கு வீலர் அந்நியர் அல்லர். இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக 1944இல் வந்து, சென்னை அருங்காட்சியகத்தில் கண்ட ரோமானியச் சாடித் துண்டைப் பின்தொடர்ந்து, மறு ஆண்டே புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டைத் தோண்டியவர். அந்த வீலர் உருவானது இந்த டார்செட் குன்றில்தான். 1934 முதல் 1937 வரை ஒவ்வொரு கோடையிலும் அவரும் அவர் மனைவி டெஸ்ஸா வெர்னி வீலரும், டார்செட் அருங்காட்சியகத்தின் சார்ல்ஸ் ட்ரூவும், ஏறக்குறைய நூறு பேர் கொண்ட பட்டாளத்தோடு இங்கே தோண்டினார்கள். மாணவர்களுக்குக் கற்பித்ததும், களத்தின் அன்றாட நிர்வாகத்தைத் தூக்கிச் சுமந்ததும் டெஸ்ஸா. 1936 ஏப்ரலில், அந்த ஆண்டின் வேலை தொடங்குமுன்பே, அவர் இறந்துபோனார். வீலரின் புகழைப் பேசுகிறவர்கள் டெஸ்ஸாவின் பெயரைப் பாதிக்குரலில்தான் சொல்கிறார்கள், அது சரியல்ல. அதே 1936இல் இங்கே தோண்டக் கற்றுக்கொண்ட மாணவர்களில் ஒருவர் சீனாவின் ஷியா நாய். பின்னாளில் சீனத் தொல்லியலின் தலைமகனாக விளங்கியவர் அவரே.

தோண்டிய முறைதான் முக்கியம். நிலத்தைச் சதுரங்களாகப் பிரித்து, சதுரத்துக்கும் சதுரத்துக்கும் நடுவே வெட்டாத வரப்பு விட்டுத் தோண்டுவார்கள். வரப்பின் செங்குத்துச் சுவரில் மண்ணடுக்குகள் வரிவரியாகத் தெரியும். எந்தப் பொருள் எந்த அடுக்கில் கிடந்தது என்பது அந்த இடத்திலேயே எழுதப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே வட்டாரத்தில் தோண்டிய ஜெனரல் பிட் ரிவர்ஸிடமிருந்து வீலர் கற்ற ஒழுக்கம் இது. ‘அழகான பொருளை மட்டும் எடு, மற்றதை விடு’ என்றிருந்த காலத்தில், சில்லோடு முதல் எலும்புத்துண்டு வரை எல்லாவற்றையும் பதிவு செய்யவேண்டும் என்றவர் பிட் ரிவர்ஸ். அந்த ஒழுக்கம் வீலரோடு கப்பலேறி அரிக்கமேட்டுக்கு வந்தது. கீழடிப் படங்களில் சதுரச் சதுரமான குழிகளையும் நடுவே விட்ட வரப்புகளையும் பார்த்தவர்கள், அந்த முறையின் பரம்பரையைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

வீலர் கெட்டிக்கார விளம்பரக்காரரும்கூட. செய்தித்தாள்களுக்குத் தவறாமல் தகவல் கொடுத்தார். பார்க்க வந்தவர்களுக்கு அஞ்சலட்டை விற்றார். குழிகளைச் சுற்றிக் காட்ட ஆள் வைத்தார். ஆயிரக்கணக்கில் மக்கள் ஏறி வந்தார்கள். பொதுமக்கள் பணத்தில் நடக்கும் வேலையைப் பொதுமக்களுக்குச் சொல்லவேண்டும் என்பதில் அவருக்கு உறுதியான நம்பிக்கை இருந்தது. தொல்லியல் இன்று பெற்றிருக்கும் செல்வாக்கில் அந்த நம்பிக்கைக்கும் பங்குண்டு.

கிழக்கு வாசலில் தோண்டியபோது மண்டையோடுகள் வெட்டுப்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. ஒரு முதுகெலும்பில் இரும்பு முனை ஒன்று செருகியபடியே இருந்தது. வாசலுக்கு அருகே ஒரு குழியில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கவண்கற்கள் குவித்து வைக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்கு அப்பால் செசில் கடற்கரையிலிருந்து பொறுக்கிவந்த உருண்டைக் கூழாங்கற்கள் அவை. செசில் கடற்கரைக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு: மேற்குக் கோடியில் பட்டாணி அளவாக இருக்கும் கூழாங்கல், கிழக்கே வர வரப் பெருத்துக்கொண்டே போய்க் கடைசியில் முட்டியளவாகும். கடலே சலித்துத் தரம் பிரித்து வைத்திருக்கிறது. கவணுக்கு ஏற்ற அளவு எந்தக் கரையில் கிடைக்கும் என்பது கோட்டைக்காரர்களுக்குத் தெரிந்திருக்காமல் இருக்குமா?

எலும்பு, இரும்பு, கவண்கல் மூன்றையும் வீலர் ஒரே கதையில் கோத்தார். கி.பி. 43இல் ரோமானியர் பிரிட்டனுக்குள் புகுந்தார்கள். இரண்டாம் அகஸ்டா படையணியை நடத்தியவர் வெஸ்பேசியன், பின்னாளில் பேரரசர் ஆனவர். அவர் இருபதுக்கும் மேற்பட்ட கோட்டையூர்களையும் வைட் தீவையும் பிடித்தார் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதியிருக்கிறார், ஊர்ப்பெயர்களைச் சொல்லவில்லை. அந்த இருபதில் ஒன்று இதுதான் என்றார் வீலர். எறிபொறிகள் இரும்பு அம்புகளைப் பொழிந்தன. வாசலருகே குடிசைகளுக்குத் தீவைத்து, புகை மறைவில் படை ஏறியது. ஆண், பெண், இளையோர், முதியோர் எல்லோரும் வெட்டப்பட்டார்கள். அன்றிரவே எஞ்சியவர்கள் சாம்பலில் குழி தோண்டித் தங்கள் பிணங்களை, வழித்துணைக்குச் சோற்றுப் பானையும் வைத்து, அவசரமாகப் புதைத்தார்கள். இந்தக் காட்சியை அவர் எழுதியிருக்கும் விதம், அறிக்கை என்பதையே மறக்கடித்துவிடும். நூல் வெளிவந்த ஆண்டு 1943. நாட்டின்மேல் குண்டு விழுந்து கொண்டிருந்த காலம். படையெடுப்பு அச்சம் அடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வீலரே ராணுவச் சீருடையில் இருந்தார். படையெடுத்து வந்தவனிடம் வீழ்ந்த ஊரின் கதை ஆங்கில வாசகரின் நெஞ்சில் தைத்ததில் வியப்பில்லை.

அந்தக் கதை இப்போது நிற்கவில்லை. 1985, 86இல் நயல் ஷார்ப்பிள்ஸ் இங்கே மீண்டும் தோண்டினார். கிழக்கு வாசலில் புதைக்கப்பட்டவர்கள் குறைந்தது 52 பேர். அவர்களில் வன்முறையால் இறந்த அடையாளம் உள்ளவர்கள் 14 பேரே. எரிந்த குடிசைகள் என்று வீலர் கண்ட சாம்பலின் பின்னணியில் அங்கே நடந்த இரும்புப் பட்டறை வேலை இருந்தது. ரோமானியர் வருமுன்பே கோட்டை தளர்ந்திருந்தது. வெளிமதில்கள் கவனிப்பாரற்று, குடியிருப்பு கிழக்கு வாசலை ஒட்டிச் சுருங்கியிருந்தது. அடுத்து போர்ன்மத் பல்கலைக்கழகத்தின் மைல்ஸ் ரஸ்ஸலும் அவர் குழுவினரும் அந்த எலும்புகளைக் கதிர்க்கரிமக் கணிப்புக்கு உட்படுத்தி, 2025இல் முடிவை வெளியிட்டார்கள். அடிபட்டு இறந்தவர்கள் ஒரே நாளில் இறந்தவர்கள் அல்லர். கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கம் வரை, சில தலைமுறைகளுக்குள் பல சமயங்களில் மாண்டவர்கள். வெஸ்பேசியன் வருவதற்கு முன்பே, தங்களுக்குள் நடந்த சண்டைகளில். முதுகெலும்பில் தைத்த இரும்பும் எறிபொறி அம்பல்ல, கைவேலின் முனை என்று வாதிடுவோர் உண்டு.

ரோமானியர் இந்த மாவட்டத்தில் கோட்டையைத் தாக்கவே இல்லை என்பதும் அல்ல. வடக்கே ஹாட் ஹில் என்ற குன்றுக்கோட்டையில் 1950களில் இயன் ரிச்மண்ட் தோண்டியபோது, ஒரு பெரிய குடிலைக் குறிவைத்து எறிபொறி அம்புகள் விழுந்த தடத்தைக் கண்டார்; கோட்டையின் ஒரு மூலையிலேயே ரோமானியர் தங்கள் பாசறையைக் கட்டியிருந்தார்கள். மெய்டன் காசிலில் அப்படி ஒரு தடம் கிடைக்கவில்லை.

கண்டதையெல்லாம் கதையாகக் கோக்கும் இதே சாய்வு வீலரின் பிற கணிப்புகளிலும் தெரிகிறது. இத்தனை அடுக்கு மதில் ஏன் என்று கேட்டு, கவண்போரை அறிந்த வெனட்டியர் கி.மு. 56இல் ஜூலியஸ் சீசரிடம் தோற்று, பிரான்சின் பிரிட்டனி கரையிலிருந்து ஓடிவந்து கற்றுத்தந்த கலை என்றார். அதை நிறுவ 1938, 39இல் பிரான்சுக்கே போய்த் தோண்டினார். ஆனால் அடுக்கு மதில்கள் அந்த அகதிகளுக்கு வெகுகாலம் முன்பே இங்கே எழுந்துவிட்டன. முன்பு சொன்ன நீண்ட மண்திட்டில் கிடைத்த, சிதைக்கப்பட்ட ஓர் இளைஞனின் எலும்புக்கூட்டைப் புதிய கற்காலத்து நரபலி என்று எழுதினார். பிற்காலக் கணிப்பில் அவன் கி.பி. ஏழாம் நூற்றாண்டுச் சாக்சன் காலத்தவன் என்று தெரிந்தது.

அரிக்கமேட்டிலும் அதுவே நடந்தது. அங்கே கிடைத்த இத்தாலியச் செந்நிறப் பாண்டங்களை வைத்து அவர் காலத்தைக் கணித்தது பெரும் சாதனை. தென்னிந்தியத் தொல்லியலுக்கு ஒரு நிலையான ஆண்டுப்புள்ளி அன்றுதான் கிடைத்தது. ஆனால் அந்த ஊரே ரோமானிய வணிகத்தால் எழுந்தது என்ற அவருடைய சித்திரம், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி நடத்திய அகழாய்வில் கலைந்தது. யவனக் கப்பல் வருமுன்பே அங்கே ஊரும் தொழிலும் இருந்தன. டார்செட்டிலும் புதுச்சேரியிலும் உள்ளூர் மக்களின் கைவேலைக்கு முன்னால் ரோமை நிறுத்திப் பார்த்த கண் ஒன்றே. இதைக் குறையாகச் சொல்வதோடு நிறுத்திவிடக் கூடாது. அடுக்கடுக்காக அவர் எழுதிவைத்த பதிவும், பத்திரப்படுத்திய எலும்புகளும் இல்லாவிட்டால், அவர் தவறு என்று யாராலும் காட்டியிருக்க முடியாது.

போரை எடுத்துவிட்டால் இந்த மதில்களுக்கு என்ன பொருள் மிஞ்சும்? நிறையவே மிஞ்சும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கருத்து. எதிரியைத் தடுக்க ஒரு நல்ல மதிலும் ஓர் ஆழ்ந்த அகழியும் போதும். 47 ஏக்கரைச் சுற்றிலும் இத்தனை வளையங்களை, அதுவும் வாசல்களில் இவ்வளவு சிக்கலாக, தலைமுறை தலைமுறையாகத் திருத்தித் திருத்திக் கட்டியவர்கள், பயத்தில் மட்டும் கட்டவில்லை. அறுவடைக்கும் விதைப்புக்கும் இடைப்பட்ட நாட்களில் பல ஊர்க்காரர்கள் கூடி, இந்த வருடம் இந்தப் பகுதி என்று வெட்டியிருப்பார்கள். அப்படி வெட்டியவர்களுக்குத்தான் உள்ளே குழியில் தானியம் வைக்க உரிமை இருந்திருக்கும். மதில் அவர்களுடைய உழைப்பின் கணக்கு. சண்டை வந்தபோது அது காப்பாகவும் ஆனது. கவண்கற்குவியல் பொய் சொல்லாது.

ரோமானியர் ஆட்சி நிலைத்தபின் மக்கள் கீழே இறங்கிவிட்டார்கள். இன்றைய டார்செஸ்டர் அன்று டர்னோவேரியா என்ற புதிய ரோமானிய நகரமாக எழுந்தது. குன்று மேய்ச்சலுக்குப் போனது. நாலாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் யாரோ மீண்டும் ஏறிவந்து கிழக்குப் பகுதியில் ஒரு சிறு கோயில் கட்டினார்கள். சதுரக் கருவறை, சுற்றிலும் ஒரு சுற்றுப்பாதை, பக்கத்தில் பூசாரி வீடாக இருந்திருக்கக்கூடிய இரண்டு அறைகள். ரோமப் பேரரசே கிறித்துவத்துக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில், கைவிட்ட கோட்டைக்குள் பழைய தெய்வத்துக்குப் புதுக்கோயில்! அங்கே கிடைத்த மூன்று கொம்புள்ள வெண்கலக் காளை டார்செஸ்டர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் முதுகில் மனித உருவங்கள் இருந்தன. கோயிலின் அடித்தளச் சுவரைக் குன்றின்மேல் இன்றும் காணலாம். மொத்தக் கோட்டையிலும் கண்ணில் படும் கல் கட்டுமானம் இது ஒன்றே. முழங்கால் உயரம்கூட இல்லாத அந்தச் சிறு சதுரத்தில்தான் வருபவர்கள் அதிகம் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

தெற்கே பார்த்தால் நீண்ட முகடு ஒன்றின்மேல் வெண்கலக் காலத்து ஈமத்திட்டுகள் வரிசையாகத் தெரியும். வடக்கே, மன்னர் சார்ல்ஸ் இளவரசராக இருந்தபோது பழைய பாணியில் கட்டத் தொடங்கிய பவுண்ட்பரி குடியிருப்பு தெரியும். அதைக் கட்டும் கார்ன்வால் கோமகனின் எஸ்டேட்டுக்குத்தான் மெய்டன் காசில் நிலமும் சொந்தம். சின்னத்தைப் பேணுவது இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு. நுழைவுக் கட்டணம் இல்லை.

பாதுகாப்பின் கதை சுலபமாக வந்ததல்ல. பிரிட்டனின் முதல் பழஞ்சின்னப் பாதுகாப்புச் சட்டம் 1882இல் வந்தது. முதல் ஆய்வாளராக அமர்த்தப்பட்டவர் மேலே சொன்ன பிட் ரிவர்ஸ். மூன்றே ஆண்டுகளில், 1885இல், ஹார்டி இந்தக் கோட்டையை வைத்து ஒரு சிறுகதை எழுதினார். தோண்டக் கூடாது என்று எச்சரிக்கைப் பலகை நிற்கும் இடத்தில், மழைக்கால நள்ளிரவில் ஒரு பழம்பொருள் பித்தர் லாந்தர் வெளிச்சத்தில் திருட்டுத்தனமாகத் தோண்டுகிறார். கண்டெடுத்த எல்லாவற்றையும் திரும்பப் புதைத்ததாகச் சொல்கிறார். அவர் இறந்தபின் அவர் உடைமைகளுக்குள் ரோமானியத் தெய்வமான மெர்க்குரியின் ஒரு சிறு சிலை இருக்கிறது. அக்காலத்தில் உண்மையிலேயே இங்கே தோண்டிய எட்வர்ட் கன்னிங்டனை மனத்தில் வைத்து எழுதியது என்று பேச்சு.

இப்போது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதியின்றி இங்கே உலோகம் தேடும் கருவியைப் பயன்படுத்துவதே குற்றம். கடுமையாகத் தோன்றலாம். ஆனால் செசில் கூழாங்கல் ஒன்றைத் தனியே கையில் எடுத்தால் அது வெறும் கூழாங்கல். இருபதாயிரம் கூழாங்கற்கள் ஒரே குழியில், வாசலுக்குப் பக்கத்தில், குறிப்பிட்ட மண்ணடுக்கில் கிடந்ததால்தான் அது ஒரு படைக்கல இருப்பு என்று தெரிந்தது. வீலரும் ஷார்ப்பிள்ஸும் தோண்டியது குன்றின் ஒரு சிறு பகுதி மட்டுமே. மற்றதெல்லாம் புல்லுக்கு அடியில், யாரும் கலைக்காத வரிசையில் இருக்கிறது.

இப்போதைய பகை படையெடுப்பல்ல, செருப்புக்கால். ஒருவர் மதில் முகட்டில் குறுக்கே ஏறினால் ஒன்றும் ஆகாது. ஆண்டு முழுவதும் பலர் ஒரே தடத்தில் ஏறினால் புல் செத்து, வெள்ளைப் பாறை வெளிப்பட்டு, மழையில் கரைந்து அகழிக்குள் இறங்கும். முயல் வளையும் சேர்ந்துகொண்டால் மதிலின் ஒரு துண்டு சில குளிர்காலங்களில் சரிந்துவிடும். ஆடுகளை மேயவிட்டிருப்பதும் காரணமாகத்தான்: முட்புதரும் மரக்கன்றும் வேர்விட்டு மதிலைப் பிளக்காதபடி, புல்லைக் குட்டையாக வைத்திருப்பவை அவை. நாயோடு வருபவர்கள் அதைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளவேண்டும். ஏறுபவர்கள் வாசல் வழியாகவே ஏறவேண்டும். மேற்கு வாசலில் நுழைந்து, நடு மேட்டைத் தாண்டி, கோயில் அடித்தளத்தைப் பார்த்துவிட்டு, கிழக்கு வாசல்வரை போய்த் திரும்ப நிதானமாக நடந்தால் ஒன்றரை மணி நேரமாவது ஆகும். மழை பெய்திருந்தால் சுண்ணப்பாறை வழுக்கும். பிடிமானமுள்ள காலணி வேண்டும்.